பில்ட்ல செக்ஸ்டைல் போடறது எப்படி? மேவன், கிரேடில் ரெண்டுக்கும் அடிக்கடி கேக்கற கேள்விகள்

டீம்ல புதுசா யார் சேந்தாலும் முதல் வாரத்துலயே இதே கேள்விங்கதான் வருது. நானும் பழைய சாட்டைத் தேடி எடுத்து காப்பி பண்ணி அனுப்பி அனுப்பி ஓஞ்சுட்டேன், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். ஜாவா ப்ராஜெக்ட், லின்ட்டர் செக்ஸ்டைல், பில்ட் (கோடை கம்பைல் பண்ணி, டெஸ்ட் ஓட்டி, பேக்கேஜ் ஆக்கற வேலை) மேவன் இல்ல கிரேடில், அவ்வளவுதான் இதோட எல்லை. செட்டிங் பேரெல்லாம் வாயால சொல்ற மாதிரியே எழுதியிருக்கேன், ஃபைல்ல போடும்போது அதோட அசல் ஸ்பெல்லிங்ல சேத்து டைப் பண்ணிக்கோங்க.

லின்ட்டர்னா என்ன? தப்புன்னா கம்பைலரே சொல்லிடுமே, அப்புறம் இது எதுக்கு?

கம்பைலருக்கு வேண்டியது ஒண்ணுதான், இலக்கணப்படி இது ஜாவாவா இல்லையா. நீங்க ஒரு மெத்தடை 400 வரிக்கு எழுதினாலும் அதுக்குக் கவலை இல்ல. வேரியபிளுக்கு ஏஏஏ-ன்னு பேரு வெச்சாலும் சரி, இஃப்-க்கு அப்புறம் கர்லி பிராக்கெட் போடாம விட்டாலும் சரி, ஓகேன்னு கம்பைல் பண்ணிட்டுப் போயிடும். அப்புறம் அந்தக் கோடை படிக்கப்போற மனுஷனுக்குத்தான் தலைவலி. அங்கதான் லின்ட்டர் வருது, கம்பைல் ஆனாலும் இந்த மாதிரி இருக்கற இடத்தைக் காட்டிக் குடுக்கற டூல். 1978-ல பெல் லேப்ஸ்ல ஸ்டீஃபன் ஜான்சன் சி மொழிக்காக லின்ட்னு ஒரு ப்ரோக்ராம் எழுதினார், துணியில ஒட்டிக்கிற பஞ்சுத்தூசிக்கு இங்கிலீஷ்ல அதான் பேரு. துணி கிழியல, ஆனா தூசி ஒட்டியிருக்கு, தட்டிவிடுங்கற கதை.

செக்ஸ்டைல் 2001-ல ஆலிவர் பர்ன் ஆரம்பிச்சது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, இது சோர்ஸ் கோடை ஒரு நேரத்துல ஒரு ஃபைலாத்தான் பாக்கும். பக்கத்து ஃபைல்ல இருக்கற கிளாஸ் என்ன டைப்னு இதுக்குத் தெரியாது. அதனால "இந்த இடத்துல நல் (காலி மதிப்பு) வரும்னு ஏன் சொல்லல"ன்னு இது மேல கோவப்படாதீங்க, அது இதோட வேலையே இல்ல.

அப்போ பிஎம்டி, ஸ்பாட்பக்ஸ் எல்லாம்? மூணையும் போட்டுடலாமா?

ஸ்பாட்பக்ஸ் கம்பைல் ஆன பைட்கோடை பாக்கும், அதனால நல், மூடாத ஸ்ட்ரீம் மாதிரி நிஜமான பக் சிலதைப் பிடிக்கும். பிஎம்டி சோர்ஸை பாக்கும், யூஸ் பண்ணாத வேரியபிள், காலியா விட்ட கேட்ச் அந்த மாதிரி. மூணையும் ஒரே நாள்ல போட்டீங்கன்னா டீம் மூணையும் வெறுத்துடும். ஒண்ணு போட்டு சத்தம் அடங்கினப்புறம் அடுத்தது.

என் ஐடிஇ-லயே மஞ்சக்கோடு போட்டுக் காட்டுதே, பில்ட்ல எதுக்கு?

உங்க ஐடிஇ உங்களுக்குக் காட்டும், பக்கத்து சீட்ல இருக்கறவர் அதை ஆஃப் பண்ணி வெச்சிருப்பார். பில்ட்ல இருந்தா எல்லாருக்கும் ஒரே அளவுகோல், ரிவ்யூல "இங்க ஸ்பேஸ் விடுப்பா"ன்னு மனுஷன் சொல்ல வேண்டிய அவசியம் இல்ல. மெஷின் சொன்னா யாருக்கும் ரோஷம் வராது, சீனியர் சொன்னாத்தான் வரும்.

கிரேடில்ல எப்படி சேக்கறது?

சுலபம். பில்ட் ஃபைல்ல பிளகின்ஸ் பிளாக்குக்குள்ள செக்ஸ்டைல்னு ஒரு வரி. ரூட் ப்ராஜெக்ட்ல கான்ஃபிக்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள செக்ஸ்டைல்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள செக்ஸ்டைல் எக்ஸ்எம்எல் ஃபைல், இதான் அது தேடற இடம். அங்க வெச்சிட்டா பாத் எதுவும் குடுக்க வேண்டாம்.

இது செக்ஸ்டைல்-மெயின், செக்ஸ்டைல்-டெஸ்ட்னு ரெண்டு டாஸ்க் சேக்கும், ரெண்டும் செக் டாஸ்க்ல தொங்கும். பில்ட் டாஸ்க் ஓட்டினா செக்கும் சேந்து ஓடும். ஆனா வெறும் டெஸ்ட் டாஸ்க் ஓட்டினா லின்ட்டர் ஓடாது, இதைத் தெரியாம "எனக்கு பாஸ் ஆச்சே"ன்னு சொல்றவங்க மாசத்துக்கு ஒருத்தராவது வர்றாங்க. ரிப்போர்ட் பில்ட் ஃபோல்டருக்குள்ள ரிப்போர்ட்ஸ்ல ஹெச்டிஎம்எல்லா இருக்கும், டெர்மினல்ல ஓடற வரிங்களை முறைச்சுப் பாக்கறதுக்கு அதைத் திறந்து பாருங்க.

மேவன்ல பாம் ஃபைல்ல (பில்ட் செட்டிங் எழுதற எக்ஸ்எம்எல்) பிளகினை போட்டாச்சு, ஆனா ஓடவே மாட்டேங்குதே?

ரெண்டு இடம் பாருங்க. ஒண்ணு, பிளகினை பிளகின்-மேனேஜ்மென்ட்டுக்குள்ள மட்டும் போட்டிருப்பீங்க. அது "யாராவது இதைக் கூப்பிட்டா இந்த வெர்ஷன், இந்த செட்டிங்"னு எழுதி வெக்கற இடம், அது தானா எதையும் ஓட்டாது. அதுக்கு வெளிய பில்டுக்குக் கீழ இருக்கற பிளகின்ஸ்லயும் பேரு வரணும்.

ரெண்டு, எக்ஸிக்யூஷன் எழுதாம விட்டிருப்பீங்க. எக்ஸிக்யூஷன்ஸ்க்குள்ள கோல் (பிளகின் செய்யற ஒரு வேலை) செக்-னு குறிச்சாத்தான் பில்டோட சேந்து ஓடும். இன்னொரு கோல் இருக்கு, அதுக்கும் பேரு செக்ஸ்டைல்தான், அது ரிப்போர்ட் எழுத வந்தது. பில்டை நிறுத்தணும்னா செக் கோல்தான் வேணும்.

ரூல் ஃபைல் எதுவும் குடுக்கல, ஓட்டின உடனே ஆயிரக்கணக்குல எரர். எங்க கோடு அவ்வளவு மோசமா?

இல்லப்பா. மேவன்ல நீங்க ஒண்ணும் சொல்லலன்னா அது சன் ரூல்ஸை எடுத்துக்கும், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் காலத்து ரூல்ஸ். ஒரு வரிக்கு 80 எழுத்து, எல்லா பாராமீட்டரும் ஃபைனலா இருக்கணும், எல்லாத்துக்கும் ஜாவாடாக் (கோடை விளக்கற கமென்ட்), கோடுக்குள்ள நேரா நம்பர் எழுதக்கூடாது, கன்ஸ்ட்ரக்டர்ல ஃபீல்டு பேரும் பாராமீட்டர் பேரும் ஒண்ணா இருந்தாக்கூட புகார். ஒரு சாதாரண செட்டர் மெத்தட், மூணே வரி, அதுக்கு மூணு எரர் வாங்கினதை நானே எண்ணிப் பாத்திருக்கேன்: ஃபைனல் இல்ல, பேரு மறைக்குது, ஜாவாடாக் இல்ல.

கான்ஃபிக்-லொகேஷன்ல உங்க சொந்த ஃபைலை குடுங்க. பத்து ரூல்ல ஆரம்பிங்க. நான் எப்பவும் முதல்ல போடறது: ஸ்டார் இம்போர்ட் கூடாது, யூஸ் பண்ணாத இம்போர்ட் கூடாது, பிராக்கெட் இல்லாத இஃப் கூடாது, பேரு வெக்கற முறை, வரி நீளம், மெத்தட் நீளம். இதுல யாரும் சண்டைக்கு வர்றதில்ல.

கூகுள் ரூல்ஸ் போட்டேன், வார்னிங்கா கொட்டுது, ஆனா பில்ட் சக்ஸஸ்னு முடியுது. இது எப்படி?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது, ஏன்னா நானே இதுல மாட்டியிருக்கேன். முன்னாடி வேலை பாத்த இடத்துல லின்ட்டர் போட்டாச்சுன்னு மெயில்லாம் போட்டோம், சிஐ (சர்வர்ல தானா ஓடற பில்ட்) பச்சையா வருது, எல்லாருக்கும் சந்தோஷம். பல மாசம் கழிச்சு ஒருத்தர் லாக் ஃபைல் ஏன் இவ்வளவு பெருசா இருக்குன்னு திறந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது, உள்ள பூரா வார்னிங், ஒண்ணு கூட யாரையும் தடுக்கல.

காரணம் என்னன்னா செக்ஸ்டைல்கூட வர்ற கூகுள் ஃபைல்ல சிவியாரிட்டி (தப்பு எவ்வளவு பெருசுங்கற லெவல்) வார்னிங்னு இருக்கு, சன் ஃபைல்ல எரர். மேவனோட செக் கோல், எரர் லெவல்ல இருக்கறதை மட்டும்தான் வயலேஷனா எண்ணும். வயலேஷன்-சிவியாரிட்டியை வார்னிங்னு மாத்துங்க, நிக்கும். கிரேடில்ல வேற மாதிரி, அங்க மேக்ஸ்-எரர்ஸ் டிஃபால்ட் 0, ஆனா மேக்ஸ்-வார்னிங்ஸ் டிஃபால்ட்டா இன்டிஜர் எவ்வளவு பெருசா இருக்க முடியுமோ அவ்வளவு, அதாவது 2147483647. இருநூறு கோடி வார்னிங் வரைக்கும் பொறுத்துக்கும், அவ்வளவு நல்ல மனசு. அதை 0 ஆக்குங்க.

இதோட சேந்து இன்னொரு குழப்பம், மேவன்ல ஃபெயில்-ஆன்-வயலேஷன், ஃபெயில்ஸ்-ஆன்-எரர்னு கிட்டத்தட்ட ஒரே பேர்ல ரெண்டு செட்டிங். முதல்லது டிஃபால்ட்டா ட்ரூ, எல்லாத்தையும் எழுதிக் காட்டிட்டு அப்புறம் நிறுத்தும். ரெண்டாவது டிஃபால்ட்டா ஃபால்ஸ், ட்ரூ ஆக்கினா அந்த இடத்துலயே முறிச்சுக்கும், லிஸ்ட் ஒழுங்கா கைக்கு வராது. முதல்லதை அப்படியே விடுங்க, ரெண்டாவதைத் தொடாதீங்க.

எந்த ஃபேஸ்ல ஓட விடணும்? டெஸ்ட் எல்லாம் 12 நிமிஷம் ஓடி முடிஞ்சப்புறம் ஒரு ஸ்பேஸ்க்காக ஃபெயில் ஆகுது, கடுப்பா இருக்கு.

மேவன்ல செக் கோல் தானா ஒட்டிக்கிறது வெரிஃபை ஃபேஸ்ல. வேலிடேட், கம்பைல், டெஸ்ட், பேக்கேஜ், அதுக்கப்புறம்தான் வெரிஃபை, அதான் கடைசியில வந்து கழுத்தறுக்குது. எக்ஸிக்யூஷன்ல ஃபேஸ் வேலிடேட்னு எழுதுங்க, கம்பைலுக்கு முன்னாடியே சொல்லிடும். கம்பைல் ஆகாத கோடா இருந்தாலும் பரவால்ல, செக்ஸ்டைலுக்கு சோர்ஸ் போதும்.

ஒரு பக்க விளைவு இருக்கு, கீழ ஜெனரேட்டட் கோடு கேள்வியில சொல்றேன்.

பாம்ல என் ரூல் ஃபைல் குடுத்திருக்கேன். ஃபுல் பில்ட் ஓட்டினா சரியா வருது, செக்ஸ்டைல் மட்டும் தனியா ஓட்டினா 80 எழுத்துன்னு கத்துது. பைத்தியம் பிடிக்குது.

80 எழுத்துன்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே விடை இருக்கு. அது சன் ரூல்ஸ், அதாவது உங்க ஃபைலை அது பாக்கவே இல்ல. நீங்க கான்ஃபிகரேஷன் பிளாக்கை எக்ஸிக்யூஷனுக்கு உள்ள எழுதியிருக்கீங்க. டெர்மினல்ல கோலை நேரா கூப்பிட்டா அந்த எக்ஸிக்யூஷன் ஓடாது, மேவன் தனக்குன்னு டிஃபால்ட்-சிஎல்ஐ-ன்னு ஒரு ஐடி வெச்சு ஓட்டும், உங்க பிளாக் அதுக்குக் கண்ணுலயே படாது.

கான்ஃபிகரேஷனை எக்ஸிக்யூஷன்ஸ்க்கு வெளிய, பிளகினுக்கு நேர் கீழ ஏத்திடுங்க, ரெண்டு விதமா ஓட்டினாலும் ஒரே விடை வரும். ஏத்த முடியாத நிலைமைன்னா, மேவன் 3.3.1-லேர்ந்து கோல் பேருக்குப் பின்னாடி அட் குறி போட்டு எக்ஸிக்யூஷன் ஐடியை எழுதி அதையே கூப்பிடலாம். ப்ரீ-கமிட் ஹுக்ல (கமிட்டுக்கு முன்னாடி தானா ஓடற ஸ்கிரிப்ட்) லின்ட்டர் மட்டும் ஓட விடறவங்க இதைக் கண்டிப்பா பாத்துக்கோங்க.

மல்ட்டி மாட்யூல் ப்ராஜெக்ட். பேரன்ட்ல ஓடுது, உள்ள இருக்கற மாட்யூலுக்குப் போனா ஃபைல் கிடைக்கலங்குது.

ரிலேட்டிவ் பாத் குடுத்திருப்பீங்க, அது ஒவ்வொரு மாட்யூல்லயும் அந்தந்த ஃபோல்டர்லேர்ந்து தேடும். புள்ளி புள்ளி ஸ்லாஷ் போட்டு சமாளிக்கலாம், ஆனா மாட்யூலுக்குள்ள இன்னொரு மாட்யூல் வந்த அன்னிக்கு உடையும். மேவன்காரங்களே சொல்ற வழி, பில்ட்-டூல்ஸ்னு ஒரு குட்டி மாட்யூல் வெச்சு அதோட ரிசோர்ஸ்ல ரூல் ஃபைலை போட்டு, அந்த ஜாரை செக்ஸ்டைல் பிளகினுக்கு டிபென்டன்ஸியா குடுக்கறது. அப்புறம் கான்ஃபிக்-லொகேஷன்ல ஃபைல் பேரு மட்டும் போதும், கிளாஸ்பாத்லேர்ந்து எடுத்துக்கும். வேற ப்ராஜெக்ட்டுக்கும் அதே ஜாரை குடுத்துக்கலாம்.

கிரேடில்ல இந்தத் தொல்லை இல்ல, சப் ப்ராஜெக்ட்டுங்களும் ரூட்ல இருக்கற ஃபோல்டரைத்தான் பாக்கும். ஆனா ரூல் ஃபைலுக்குள்ளேர்ந்து சப்ரஷன் ஃபைலை கூப்பிடும்போது கான்ஃபிக்-லாக்னு ஒரு வேரியபிள் குடுக்கறாங்க, அதை முன்னாடி ஒட்டித்தான் பாத் எழுதணும்.

இந்த ஒரு இடத்துல மட்டும் ரூலை மீறியே ஆகணும். எப்படிச் சொல்றது?

சப்ரஸ்-வார்னிங்ஸ் அனோட்டேஷன்ல செக்ஸ்டைல், கோலன், ரூல் பேரு. இது தானா வேலை செய்யாது, ரூல் ஃபைல்ல ரெண்டு இடத்துல ஏற்பாடு பண்ணணும்: ட்ரீவாக்கருக்குள்ள (செக்கர்ங்கற வெளி பிளாக்குக்குள்ள இருக்கற பிளாக்) சப்ரஸ்-வார்னிங்ஸ்-ஹோல்டர், வெளிய செக்கருக்குக் கீழ சப்ரஸ்-வார்னிங்ஸ்-ஃபில்டர். ஒண்ணு போட்டு ஒண்ணு விட்டா சத்தமே இல்லாம சும்மா இருக்கும், எரரும் காட்டாது. பாதிப் பேரு இங்கதான் ஒரு மணி நேரம் தொலைக்கறாங்க.

இம்போர்ட் வரிக்கு அனோட்டேஷன் போட முடியாது, அதுக்கு கமென்ட் வழி இருக்கு, செக்ஸ்டைல் ஆஃப், செக்ஸ்டைல் ஆன்னு கமென்ட் எழுதி நடுவுல இருக்கறதை விடச் சொல்றது. ஆன் எழுத மறந்தா ஃபைல் முடியற வரைக்கும் கண்ணு மூடிக்கும், ஜாக்கிரதை. ஒரு முழு ஃபோல்டரையே விடணும்னா தனியா சப்ரஷன் எக்ஸ்எம்எல். எதுவா இருந்தாலும் ஏன்னு ஒரு வரி கமென்ட் எழுதுங்க, ஆறு மாசம் கழிச்சு அதை எடுக்கலாமா கூடாதான்னு உங்களுக்கே தெரியாது.

நாங்க எழுதாத கோடு, ஜெனரேட் ஆனது, அதுக்கெல்லாம் எரர் வருது. டார்கெட் ஃபோல்டரை எக்ஸ்க்ளூட் பண்ணியும் கேக்கல.

எக்ஸ்க்ளூட் பேட்டர்ன் ப்ராஜெக்ட் ஃபோல்டர்லேர்ந்து கணக்கு இல்ல, சோர்ஸ் ஃபோல்டர்லேர்ந்து. டார்கெட்டுக்குள்ள இருக்கற ஜெனரேட்டட் ஃபோல்டரே ஒரு சோர்ஸ் ரூட், அதுக்குள்ள நின்னு பாத்தா பாத் காம்-ல ஆரம்பிக்கும், டார்கெட்ங்கற சொல்லே வராது. பேக்கேஜ் பேரை வெச்சு எக்ஸ்க்ளூட் எழுதுங்க, இல்ல சோர்ஸ்-டைரக்டரீஸ்ல உங்க சோர்ஸ் ஃபோல்டரை மட்டும் குறிங்க. கிரேடில்லயும் இதே கதைதான், அங்க ஃபைலோட முழு பாத்தை பாக்கற மாதிரி ஒரு குளோஷர் எழுதினா முடிஞ்சுது.

ஃபேஸ் கேள்வியில பக்க விளைவுன்னு சொன்னேனே, அது இதான். வேலிடேட் நேரத்துல ஜெனரேட்டட் ஃபோல்டர் சோர்ஸ் லிஸ்ட்ல இன்னும் சேந்திருக்காது, அதனால அந்த எரரும் வராது. "நான் ஒண்ணும் பண்ணல, ஃபேஸ் மாத்தினேன், எரர் போயிடுச்சு"ன்னு ஆச்சரியப்பட வேண்டாம். பெரும்பாலும் நமக்கு வேண்டியதும் அதான்.

பத்து வருஷப் பழைய ப்ராஜெக்ட். எல்லாத்தையும் திருத்த டைம் குடுக்க மாட்டாங்க. என்ன பண்ணலாம்?

மேவன்ல மேக்ஸ்-அலவ்டு-வயலேஷன்ஸ்னு ஒண்ணு இருக்கு, டிஃபால்ட் 0. இன்னிக்கு 830 இருந்தா 830-ன்னு எழுதிடுங்க, இது ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனித்தனி கணக்கு. புதுசா ஒண்ணு சேந்தா பில்ட் நிக்கும். யாராவது ஒரு ஃபைலை சுத்தம் பண்ணும்போது நம்பரை இறக்குங்க. கிரேடில்ல மேக்ஸ்-வார்னிங்ஸ் இதே வேலையைச் செய்யும். ஓட்டை என்னன்னா பழசுல ஒண்ணைத் திருத்திட்டு புதுசா ஒண்ணு சேத்தாலும் கணக்கு சரியாயிடும், அதை ரிவ்யூலதான் பிடிக்கணும்.

மொத்தமா ஃபார்மேட்டரை ஓட்டி ஒரே கமிட்ல போடலாம்னு ஒரு ஆள் எப்பவும் சொல்வார். போடலாம், ஆனா திறந்திருக்கற பிராஞ்ச் எல்லாத்துலயும் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வரும், பிளேம் (எந்த வரியை கடைசியா யார் மாத்தினாங்கன்னு காட்டறது) பாத்தா எல்லா வரியிலயும் அந்த ஆள் பேருதான் இருக்கும். ரிலீஸ் முடிஞ்ச மறுநாள் பண்ணுங்க, நடுவுல வேண்டாம்.

ஜாவா வெர்ஷன் ஏத்தினோம், இப்ப லின்ட்டர் ஃபைலைப் படிக்கவே முடியலங்குது.

செக்ஸ்டைல் தன்னோட சொந்த கிராமர் வெச்சு படிக்குது, புது சின்டாக்ஸ் வந்தா அதுக்கும் புது வெர்ஷன் வேணும். மேவன் பிளகினோட வெர்ஷன் வேற, அதுக்குள்ள இருக்கற செக்ஸ்டைல் வெர்ஷன் வேற. பிளகினை 3-ன்னு ஏத்தினா போதும்னு நினைக்காதீங்க, ஜாவா 8-ல ஓடணுங்கறதுக்காக அது ரொம்ப நாளா 9.3-ஐயே உள்ள வெச்சிருந்துது. பிளகினுக்குக் கீழ டிபென்டன்ஸியா செக்ஸ்டைல் வெர்ஷனை நீங்களே குறிங்க, கிரேடில்ல டூல்-வெர்ஷன். 10-க்கு ஜாவா 11-ஆவது வேணும்.

ஏத்தின உடனே "லைன்-லென்த்துக்கு ட்ரீவாக்கர் பேரன்ட்டா இருக்கக்கூடாது"ன்னு ஒரு எரர் வந்தா பயப்படாதீங்க. 8.24-ல அந்த ரூலை ட்ரீவாக்கருக்கு வெளிய மாத்திட்டாங்க, நீங்க வெச்சிருக்கறது அதுக்கு முந்தின ஃபைல். அந்த மாட்யூலை வெட்டி ட்ரீவாக்கருக்கு வெளிய, செக்கருக்கு நேர் கீழ ஒட்டுங்க.

என் மெஷின்ல பாஸ், சிஐ-ல ஃபெயில்.

முதல்ல வெர்ஷன் பாருங்க, இன்டெலிஜே பிளகின்ல ஒரு செக்ஸ்டைல், பில்ட்ல ஒண்ணுன்னு இருக்கும். அந்த பிளகின் செட்டிங்ல வெர்ஷனைத் தேர்ந்தெடுக்கலாம், ரெண்டையும் ஒண்ணாக்குங்க. அடுத்தது நீங்க என்ன டாஸ்க் ஓட்டினீங்கன்னு பாருங்க, கிரேடில் கேள்வியிலயும் தனியா ஓட்டற கேள்வியிலயும் சொன்னதுதான். அதுவும் சரின்னா வரி முடிவு, உங்க விண்டோஸ்ல ஒரு மாதிரி, லினக்ஸ்ல ஒரு மாதிரி.

கோடுக்குள்ள தமிழ் ஸ்ட்ரிங் இருக்கு. கண்ணால எண்ணினா 75 எழுத்துதான், லின்ட்டர் 100-ஐ தாண்டிடுச்சுங்குது!

லின்ட்டர் எண்ணறது நாம எண்ணற எழுத்து இல்ல. "வணக்கம்" நமக்கு அஞ்சு எழுத்து, யூனிகோட்ல ஏழு, ஏன்னா ரெண்டு புள்ளியும் தனித்தனி குறி. "கி" நமக்கு ஒண்ணு, அதுக்கு ரெண்டு. ஆக தமிழ் வரி எப்பவும் பாக்கறதை விட நீளமாத்தான் கணக்காகும்.

வித்தியாசம் மூணு மடங்கு கிட்ட இருந்தா அது வேற வியாதி, என்கோடிங் தப்பு. யூடிஎஃப்-8-ல ஒரு தமிழ்க் குறிக்கு மூணு பைட், அதை வேற என்கோடிங்ல படிச்சா "வணக்கம்" 21 ஆயிடும். மேவன்ல சோர்ஸ் என்கோடிங் ப்ராபர்ட்டியையும் ரூல் ஃபைல்ல சார்செட்டையும் யூடிஎஃப்-8-ன்னு எழுதுங்க. என்னைக் கேட்டா அந்த ஸ்ட்ரிங்கையெல்லாம் ப்ராபர்ட்டீஸ் ஃபைலுக்கு மாத்திடுங்க, ஜாவா 9-லேர்ந்து ரிசோர்ஸ் பண்டில் யூடிஎஃப்-8 படிக்குது, முன்ன மாதிரி ஒவ்வொரு எழுத்துக்கும் எஸ்கேப் கோடு எழுதற கொடுமை இல்ல.

ப்ரொடக்‌ஷன்ல தீப்பிடிச்சு எரியுது, இப்ப போய் ஜாவாடாக் எழுதச் சொல்லுது. ஸ்கிப் பண்ணிக்கலாமா?

பண்ணிக்கோங்க. மேவன்ல கமாண்ட்ல செக்ஸ்டைல்-ஸ்கிப் ப்ராபர்ட்டி, கிரேடில்ல மைனஸ் எக்ஸ் போட்டு டாஸ்க் பேரு. கமாண்ட்ல மட்டும் குடுங்க, பாம்ல ட்ரூன்னு எழுதிடாதீங்க, எழுதினா அது அங்கயே குடியிருக்கும். அப்புறம் ஜாவாடாக் இல்லங்கறதுக்காக பில்ட் நிக்குதுன்னா அந்த ரூலுக்கு எரர் லெவல் தேவையான்னு மறுநாள் உக்காந்து பேசுங்க. ஒவ்வொரு ரூலுக்கும் தனியா சிவியாரிட்டி வெக்கலாம், அதை மட்டும் இன்ஃபோன்னு இறக்கிட்டு மத்ததை எரர்லயே விடலாம்.

டேப்பா ஸ்பேஸான்னு டீம்ல சண்டை. எது சரி?

எதுவா இருந்தாலும் லின்ட்டர்ல அதைத் திட்டற வேலை வேண்டாம், ஃபார்மேட்டரே திருத்திக் குடுத்துடட்டும். ஸ்பாட்லெஸ்னு ஒரு பிளகின், மேவனுக்கும் இருக்கு, கிரேடிலுக்கும் இருக்கு. ரேட்செட்-ஃப்ரம்னு மெயின் பிராஞ்சை குறிச்சா அதுலேர்ந்து மாறின ஃபைலை மட்டும் தொடும், பழைய ப்ராஜெக்ட் வெச்சிருக்கறவங்களுக்கு இது வரப்பிரசாதம். அதைப் போட்டப்புறம் செக்ஸ்டைல் ஃபைல்லேர்ந்து ஸ்பேஸ், இன்டென்ட் ரூலையெல்லாம் எடுத்துடுங்க, இல்லன்னா ஒண்ணு நாலு ஸ்பேஸ் வைக்கும், இன்னொண்ணு ரெண்டு கேக்கும், நடுவுல நீங்க கமிட் பண்ண முடியாம நிப்பீங்க.